அறுபது நாள் கணக்கு

கல்யாண வீட்டுப் பந்தியில் உட்கார்ந்தால், இலையில் சோறு விழுவதற்கு முன் ஒரு கேள்வி வந்து விழும். “தம்பி இப்போ எங்க வேலை?” கேட்பவர் பெரியப்பாவாக இருக்கலாம், மாமாவாக இருக்கலாம், பழைய தோட்டத்தில் பக்கத்து லயத்தில் குடியிருந்தவராகவும் இருக்கலாம். கெட்ட எண்ணம் எதுவும் கிடையாது. “நல்லா இருக்கியா?” என்று கேட்பதற்கு நம் ஊரில் இருக்கும் இன்னொரு வழி அது.

அந்தத் தம்பிக்கு மூன்று வாரத்துக்கு முன்புதான் வேலை போயிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் என்ன சொல்வார்? “அதே கம்பெனிதான் மாமா, கே.எல்.ல.” சொல்லிவிட்டு அப்பளத்தை நொறுக்குவார். மாமாவும் சாம்பாருக்குக் கை நீட்டுவார். பேச்சு முடிந்துவிடும்.

அந்த ஒரு வரிப் பொய்யின் விலை என்ன? இந்த வாரம் அதைத்தான் கணக்குப் பார்க்கப் போகிறோம். ரிங்கிட், சென் வரைக்கும் பார்ப்போம்.

மென்பொருள் வேலை என்றால் குளிர்சாதன அறை, கைநிறையச் சம்பளம், ஆயுசுக்கும் கவலையில்லை என்று நம் வீடுகளில் ஒரு நம்பிக்கை இருந்தது. 2022 நவம்பரில் ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மேட்டா 11,000 பேரை வீட்டுக்கு அனுப்பியது. 2023 ஜனவரியில் கூகுள் 12,000 பேர், மைக்ரோசாப்ட் 10,000 பேர் என்று அறிவித்தன. அதே ஆண்டு ஜூன் மாதம் நம் கைப்பேசியில் தினமும் திறக்கும் கிராப், 1,000 பேரைக் குறைத்தது. 2025 ஜூலையில் இந்தியாவின் டி.சி.எஸ்., ஏறக்குறைய 12,000 பேரைக் குறைப்பதாகச் சொன்னபோது சென்னையில் பல வீடுகளில் தூக்கம் போனது. பெரிய நிறுவனங்களின் கதை செய்தியில் வரும். இருபது பேர், முப்பது பேர் வேலை பார்த்த சின்னக் கம்பெனி மூடினால் எந்தச் செய்தியிலும் வராது. நம் பிள்ளைகளில் பலர் வேலை பார்ப்பது அப்படிப்பட்ட இடங்களில்தான்.

தங்கா பத்துப் பக்கத்து இளைஞர் ஒருவர் நிலையத்துக்கு நீண்ட குரல் பதிவு ஒன்றை அனுப்பியிருந்தார். பெயர் வேண்டாம் என்றார். வயது இருபத்தொன்பது. தாத்தா கித்தா மரம் வெட்டியவர். அப்பா லோரி ஓட்டுநர். வீட்டில் முதல் பட்டதாரி இவர்தான். கே.எல்.லில் ஒரு நிறுவனத்தில் ஐந்து வருடம் வேலை, சம்பளம் 5,000 ரிங்கிட். ஒரு செவ்வாய்க்கிழமை காலை இணையவழிக் கூட்டத்துக்கு அழைப்பு வந்தது. பன்னிரண்டு நிமிடம் பேசினார்கள். கூட்டம் முடிந்து பார்த்தால் அலுவலக மின்னஞ்சல் திறக்கவில்லை.

அவர் வீட்டில் சொல்லவில்லை. வாடகை அறையிலேயே இருந்தார். வெள்ளிக்கிழமை வழக்கம்போல் பலகாரப் பொட்டலத்தோடு ஊருக்கு வந்தார். திங்கட்கிழமை விடியற்காலை வழக்கம்போல் காரை எடுத்தார். அம்மா தண்ணீர்ப் போத்தலைக் கையில் கொடுத்து அனுப்பினார். கையிருப்பு கரைந்து, கார் தவணை இரண்டு மாதம் தள்ளிப்போய், வங்கியில் இருந்து வீட்டு எண்ணுக்கு அழைப்பு வந்த பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. அது எழுபத்து நான்காவது நாள்.

அப்பா கத்துவார் என்று எதிர்பார்த்தாராம். அப்பா கேட்டது ஒரே கேள்வி. “சொக்சோவுல எழுதிக் கொடுத்தியா?”

கோவிட் காலத்தில் அப்பாவோடு லோரி ஓட்டிய கூட்டாளிக்கு வேலை போயிருக்கிறது. சொக்சோவில் மனு கொடுத்து அவர் உதவித்தொகை வாங்கியிருக்கிறார். மனுவை எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்குத் துணைக்குப் போனவரே இந்த அப்பாதான். வழி தெரிந்த மனிதர் வீட்டுக் கூடத்திலேயே உட்கார்ந்திருந்தார். மகன் அவரிடம் மட்டும்தான் மறைத்தார்.

எழுபத்து நான்கும் அறுபதும்

2017ல் நிறைவேறிய வேலை காப்புறுதிச் சட்டம் 2018 ஜனவரி 1ல் நடைமுறைக்கு வந்தது. சம்பளச் சீட்டை எடுத்துப் பாருங்கள். எஸ்.ஐ.பி. அல்லது இ.ஐ.எஸ். என்று ஒரு சிறிய பிடித்தம் இருக்கும். உங்கள் சம்பளத்தில் 0.2 விழுக்காடு, முதலாளி தரப்பில் 0.2 விழுக்காடு. மாதம் பத்து வெள்ளி என்பதால் யாரும் அதைக் கவனிப்பதில்லை. அந்தப் பத்து வெள்ளிதான் வேலை போன பிறகு திரும்பி வரும் பணம்.

முதல் மாதம் சம்பளத்தில் 80 விழுக்காடு. இரண்டாவது மாதம் 50. மூன்றாவது, நான்காவது மாதங்களுக்கு 40. ஐந்தாவது, ஆறாவது மாதங்களுக்கு 30. சட்டம் வந்தபோது வகுத்த கணக்கு இது. எத்தனை மாதம் கிடைக்கும் என்பது உங்கள் சந்தாவைப் பொறுத்தது. 5,000 ரிங்கிட் சம்பளக்காரருக்கு ஆறு மாதமும் கிடைத்தால் ஏறக்குறைய 13,500 ரிங்கிட். கணக்கில் எடுத்துக்கொள்ளும் சம்பளத்துக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. 2024 அக்டோபர் முதல் அது 6,000 ரிங்கிட். புதிய தொழில் கற்கப் பயிற்சிக் கட்டணமாக 4,000 ரிங்கிட் வரை பெறவும் வழி வைத்திருக்கிறார்கள்.

இவ்வளவுக்கும் ஒரு நிபந்தனை. வேலை போன நாளில் இருந்து 60 நாளுக்குள் மனு கொடுக்க வேண்டும். அந்த இளைஞர் வீட்டில் வாயைத் திறந்தது 74வது நாள். பதினான்கு நாள் தாமதம். பந்தியில் சொன்ன பொய்க்கு விலை கேட்டோமே, இவர் விஷயத்தில் அது 13,500 ரிங்கிட் வரை போகும்.

விதிகள் அவ்வப்போது திருத்தப்படும். ஆகவே மனு கொடுக்கும் நாளில் சொக்சோ அலுவலகத்தில் ஒருமுறை கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். ஆனால் கேட்கப் போவதைத் தள்ளிப் போடாதீர்கள்.

இன்னொரு 60 நாளும் உண்டு. நியாயமான காரணம் இல்லாமல் வேலை நீக்கினார்கள் என்று நீங்கள் நினைத்தால், 1967ஆம் ஆண்டு தொழிலியல் உறவுச் சட்டத்தின் 20ஆவது பிரிவின்கீழ் தொழிலியல் உறவு இலாகாவில் முறையிடலாம். வழக்கறிஞர் இல்லாமலே மனு கொடுக்கலாம். அதற்கும் கெடு 60 நாள்தான். அமெரிக்காவில் எச்-1பி விசாவில் இருக்கும் நம் தமிழ்ப் பிள்ளைகளுக்கும் அதே எண் வேறு வடிவத்தில் நிற்கிறது. வேலை போனால் புதிய வேலையோ வேறு விசாவோ தேடிக்கொள்ள அவர்களுக்கு உள்ள அவகாசம் அதிகபட்சம் 60 நாள். பிறகு பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

கையெழுத்துக்கு முன்

இதைக் கத்தரித்து வைத்துக்கொண்டாலும் தப்பில்லை.

“நீங்களே ராஜினாமா கடிதம் கொடுத்துவிடுங்கள், உங்கள் பெயருக்கு நல்லது” என்று அன்பாகச் சொல்வார்கள். கையெழுத்துப் போடாதீர்கள். தானாக விலகியவருக்குப் பொதுவாக இந்தக் காப்புறுதி கிடையாது. ஆட்குறைப்பு என்று எழுதிய கடிதத்தைக் கேட்டு வாங்குங்கள். நிறுவனம் அறிவித்து நடத்தும் விருப்பப் பணிவிலகல் திட்டம் வேறு. அதில் போனவர்கள் மனு கொடுக்கலாம்.

சம்பளம் 4,000 ரிங்கிட்டுக்குள் இருந்தால் ஆட்குறைப்பு இழப்பீடு சட்டப்படி உங்கள் உரிமை. ஒரு வருடம் முடித்து இரண்டு வருடத்துக்குள் இருப்பவருக்கு வருடத்துக்கு 10 நாள் சம்பளம், இரண்டு முதல் ஐந்து வருடத்துக்குள் 15 நாள், ஐந்தும் அதற்கு மேலும் 20 நாள். 4,000க்கு மேல் சம்பளம் வாங்குபவருக்கு இந்தச் சட்ட இழப்பீடு பொருந்தாது. வேலை ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான். மென்பொருள் துறையில் பலரும் இந்த இரண்டாவது வரிசையில் இருக்கிறார்கள். நியமனக் கடிதத்தைச் சேர்ந்த அன்று படித்திருக்க மாட்டோம். போகும் அன்றாவது படிக்க வேண்டும்.

மடிக்கணினியைத் திருப்பிக் கொடுப்பதற்கு முன் உங்கள் சம்பளச் சீட்டுகள், இ.ஏ. பாரம், நியமனக் கடிதம், கூட வேலை பார்த்தவர்களின் கைப்பேசி எண்கள் ஆகியவற்றை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நிறுவனத்தின் நிரல்களைத் தொடாதீர்கள். அது உங்கள் சொத்து ஆகாது. வங்கித் தவணை இடறும் என்று தெரிந்தால், இடறுவதற்கு முன்பே வங்கியைக் கூப்பிடுங்கள். பேங்க் நெகாரா 2006ல் ஏற்படுத்திய ஏ.கே.பி.கே.யில் கடன் ஆலோசனை இலவசம்.

அன்று பெரட்டுக் களம், இன்று திரை

சரி, ஏன் மறைக்கிறோம்? வேலை போவது நம் குடும்பங்களுக்குப் புதிதா?

1950களிலும் 60களிலும் வெள்ளைக்கார நிறுவனங்கள் தோட்டங்களை விற்றபோது, வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு துண்டாகக் கூறுபோட்டு விற்றார்கள். தோட்டத் துண்டாடல் என்று நம் பெரியவர்கள் சொல்வது அதைத்தான். வேலையோடு லயத்து வீடும் போனது. பல இடங்களில் பிள்ளைகள் படித்த பள்ளியும் போனது. இன்றைய ஆட்குறைப்பைவிட அது பெரிய அடி.

ஆனால் அந்த அடி ஊரறிய விழுந்தது. பெரட்டுக் களத்தில் நின்ற எல்லாருக்கும் ஒரே நாளில் தெரிந்துவிட்டது. “நான் சரியாக மரம் வெட்டவில்லை, அதனால்தான் தோட்டத்தை விற்றுவிட்டார்கள்” என்று ஒருவர்கூடத் தன்னை நொந்துகொள்ளவில்லை. பக்கத்து வீட்டுக்காரருக்கும் அதே கதி என்பதால் மறைக்க ஒன்றும் இருக்கவில்லை. மறைக்காததால் கூடிப் பேச முடிந்தது. 1960ல் துன் வீ.தி.சம்பந்தன் தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் அந்தப் பேச்சில் இருந்துதான் வந்தது. தொழிலாளர்கள் தங்கள் சம்பளத்தில் இருந்து சிறுகச் சிறுகக் கொடுத்த பங்குப் பணத்தில், விற்பனைக்கு வந்த தோட்டங்களையே வாங்கினார்கள். கெடாவின் புக்கிட் சிடிம் தோட்டம்தான் முதல் தோட்டம்.

பேரனுக்கு வேலை போகும்போது சுற்றிலும் யாரும் இல்லை. கதவு சாத்திய அறை, ஒரு திரை, பன்னிரண்டு நிமிடம். குழுவில் இன்னும் எத்தனை பேருக்குப் போனது என்றுகூட அவருக்குத் தெரியாது. தனியாகக் கேட்ட செய்தியைத் தன் குற்றம் என்றே எடுத்துக்கொள்கிறார். படிக்க வைத்தார்களே, பி.டி.பி.டி.என். கடன் இன்னும் தீரவில்லையே, தங்கைக்கு நான்தானே முன்னுதாரணம் என்று மனம் அடுக்கிக்கொண்டே போகிறது. நிறுவனம் முதலீடு திரட்ட முடியாமல் போனதற்கும் இவருடைய திறமைக்கும் தொடர்பில்லை. அதை அவருக்கு எடுத்துச் சொல்ல ஆள் வேண்டும். சொல்ல வேண்டுமானால் முதலில் அந்த ஆளுக்கு விஷயம் தெரிய வேண்டும்.

வேலை யார் மூலம் வருகிறது?

மௌனத்தின் விலை உதவித்தொகையோடு நிற்பதில்லை. அடுத்த வேலையையும் அது தள்ளிப் போடுகிறது.

மார்க் கிரனோவெட்டர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1973ல் ஒரு புகழ்பெற்ற கட்டுரை எழுதினார். தெரிந்தவர் மூலம் வேலை பெற்றவர்களிடம் அவர் விசாரித்தபோது, நெருங்கிய நண்பர்களைவிட எப்போதாவது சந்திக்கும் அறிமுகக்காரர்கள் மூலமே அதிகம் பேருக்கு வேலை வந்திருந்தது. காரணம் எளிது. நெருங்கிய நண்பர்களுக்குத் தெரிந்தது நமக்கும் தெரிந்திருக்கும். தூரத்து அறிமுகக்காரர் வேறு உலகத்தில் இருந்து செய்தி கொண்டுவருகிறார். லிங்க்ட்இன் தளத்தில் 2 கோடி பேரை வைத்து நடந்த ஆய்வு 2022ல் வெளிவந்தபோது, இந்தக் கருத்து பெரும்பாலும் சரியென்றே தெரிந்தது.

இப்படிப்பட்ட அறிமுகங்கள் நம்மைப்போல் யாரிடம் இருக்கின்றன? தமிழ்ப்பள்ளி முன்னாள் மாணவர் வாட்ஸ்அப் குழு, கோயில் திருவிழா உபயக்காரர்கள், அப்பாவின் பழைய தோட்டத்துக் கூட்டாளிகள், அண்ணியின் தம்பி. “மென்பொருள் சோதனைப் பிரிவில் ஐந்து வருட அனுபவம், ஆட்குறைப்பில் வேலை போயிருக்கிறது, மலாக்கா, கே.எல்., ஜொகூர் எங்கும் வரத் தயார்” என்று மூன்று வரி எழுதி அனுப்பினால் போதும். எந்த வேலை, எந்த ஊர் என்று தெளிவாக இருந்தால்தான் படிப்பவர் அதை இன்னொருவருக்குத் தள்ளிவிட முடியும். “ஏதாவது வேலை இருந்தா சொல்லுங்க” என்று அனுப்பினால் படிப்பவருக்கு யாரிடம் கேட்பது என்றே தெரியாது.

துறையில் இருக்கும் நண்பர்கள் இன்னும் சில விஷயம் சொல்கிறார்கள். மென்பொருள் வேலை மென்பொருள் கம்பெனியில் மட்டும் இல்லை. பத்து பெரெண்டாமில் இருக்கும் இன்ஃபினியன் போன்ற சில்லுத் தொழிற்சாலைகளுக்கும், மருத்துவமனைகளுக்கும், வங்கிகளுக்கும் நிரல் எழுதுபவர்கள் வேண்டும். நூறு இடத்துக்கு ஒரே ரெஸ்யூமை வீசுவதைவிட, பத்து இடத்துக்கு அந்தந்த வேலைக்கு ஏற்றபடி திருத்தி அனுப்புவது மேல். “என்ன தெரியும்” என்ற பட்டியலைக் குறைத்து, “என்ன செய்து முடித்தேன்” என்பதை எண்ணோடு எழுதுங்கள். நேர்காணலில் “ஏன் விலகினீர்கள்?” என்று கேட்டால் இரண்டே வாக்கியம் போதும்: ஆட்குறைப்பு நடந்தது, என் பிரிவும் அதில் போனது. பழைய நிறுவனத்தைத் திட்டாதீர்கள். சொக்சோவின் மைபியூச்சர்ஜாப்ஸ் தளத்தில் பெயரைப் பதிந்து வையுங்கள். உதவித்தொகை வாங்குபவர் வேலை தேடுவதைக் காட்டிக்கொண்டே இருக்க வேண்டும் என்பதால் அது எப்படியும் தேவைப்படும்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. யாரிடமும் சொல்லாமல் தவிக்கும் இளைஞரைத் தேடி ஒரு கூட்டம் அலைகிறது. தாய்லாந்தில் கணினி வேலை, தங்குமிடம் இலவசம், சம்பளம் இரண்டு மடங்கு என்பார்கள். போனவர்களை எல்லை தாண்டி மியன்மாருக்குக் கொண்டுபோய், இணைய மோசடி செய்யச் சொல்லி அடைத்து வைத்தார்கள். கணினி தெரிந்த இளைஞர்களைக் குறிவைக்கிறார்கள் என்று 2022 செப்டம்பரில் இந்திய வெளியுறவு அமைச்சே எச்சரித்தது. மீட்கப்பட்டு ஊர் திரும்பியவர்களில் தமிழ்நாட்டு இளைஞர்களும் இருந்தார்கள். மலேசியர்களும் இந்த வலையில் விழுந்திருக்கிறார்கள். வீட்டில் ஒருவருக்கு விஷயம் தெரிந்திருந்தால், விமானச் சீட்டு வருவதற்கு முன்பே “எந்தக் கம்பெனி, எங்க ஆபீஸ், காட்டு பார்ப்போம்” என்று கேட்க ஓர் ஆள் இருந்திருப்பார்.

பெற்றோருக்கு

பிள்ளை சொல்லவில்லை என்று பிள்ளையை மட்டும் குறை சொல்வதும் சரியில்லை. வேலை போன இன்னொருவர் வீட்டுப் பிள்ளையைப் பற்றி நாம் சாப்பாட்டு மேசையில் எப்படிப் பேசினோம் என்பதை நம் பிள்ளை கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கும். “அவன் என்னத்த படிச்சானோ, வெளிய தள்ளிட்டாங்க” என்று என்றைக்கோ சொன்ன ஒரு வார்த்தை, நம் வீட்டில் வேலை போகும் நாளில் பிள்ளையின் வாயை அடைத்துவிடும்.

பிள்ளை வந்து சொன்னால் முதல் நாள் காரணம் கேட்க வேண்டாம். சொந்தக்காரர்களுக்கு என்ன பதில் சொல்வது என்ற கவலையும் அன்றைக்கு வேண்டாம். சாப்பாடு போடுங்கள். மறுநாள் காலை கடிதத்தை எடுத்து வரச் சொல்லி, அதில் உள்ள தேதியைப் பாருங்கள். சுவரில் தொங்கும் நாள்காட்டியில் அங்கிருந்து அறுபது நாள் எண்ணி, அந்தக் கட்டத்தைச் சிவப்பு மையால் வட்டமிடுங்கள். அடையாள அட்டை, வங்கிக் கணக்கு விவரம், சம்பளச் சீட்டு எல்லாவற்றையும் ஒரு கோப்பில் போட்டு, அந்த வாரமே மனுவைக் கொடுத்துவிடுங்கள். தனியாகப் போகத் தயங்கினால் கூடப் போங்கள்.

தங்கா பத்து இளைஞர் இப்போது மலாக்காவிலேயே ஒரு தொழிற்சாலையில் தரவுப் பிரிவில் வேலை பார்க்கிறார். சம்பளம் முன்பைவிட 400 ரிங்கிட் குறைவு. அந்த வேலை காலியாக இருப்பதைச் சொன்னவர், அப்பாவோடு சொக்சோ அலுவலகத்துக்குப் போன அதே லோரிக்காரக் கூட்டாளியின் மருமகன். அப்பாவிடம் விஷயம் தெரிந்த ஒன்பதாவது நாள் அந்தத் தகவல் வந்து சேர்ந்ததாம்.